மிச்சம் பிடித்த சுவர்

ராயபுரத்தில் கயிற்று மண்டி வைத்திருந்த ஷாகுல் ஹமீது மரைக்காயருக்குப் பொய் சொல்வதில் ஒரு கொள்கை உண்டு. விலையில் சொல்லலாம், அளவில் சொல்லக் கூடாது. தேங்காய் நார்க் கயிறு தனக்கே இன்ன விலைக்குத்தான் அடங்குகிறது என்று தாடியைத் தடவிக்கொண்டு சொல்வார். கேட்கிறவனும் அது பொய் என்று தெரிந்தே தலையாட்டுவான். அது வியாபாரம், அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் இருபது பாகம், அதாவது இருபது கைவிரிப்பு, என்று அவர் கொடுத்த கயிறு எண்ணூர்க் கடலில் இறங்கினாலும் இருபது பாகம்தான் இருக்கும். காசிமேடு முதல் எண்ணூர் கழிமுகம் வரைக்கும் எந்தக் கட்டுமரக்காரனும் அவர் மண்டிக் கயிற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி கை நீட்டி அளந்ததில்லை. அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு மரைக்காயர் விலையில் சொன்ன பொய்களுக்குக் கணக்கே கிடையாது.

மண்டியில் அவருக்குப் பாதி, தம்பி காசிமுக்குப் பாதி. காசிம் நல்ல மனிதர். மூச்சிரைப்புக்காரர் என்பதால் பேசுவதைக் குறைத்துக்கொண்டு அதனாலேயே நல்லவர் என்று பெயர் வாங்கியவர். இரண்டு குடும்பமும் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் இருந்தன. ஒரே முற்றம், ஒரே கிணறு, ஒரே அடுப்படி. மரைக்காயருக்கு ஒரே மகன், மீரான். காசிமுக்கு ஒரே மகள், ஜொகரா. இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஜொகராவுக்குப் பதினெட்டு வயதானதும் ஒழுங்கு கெட்டது. பழவேற்காட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. பையனின் தகப்பன் சுல்தான் மரைக்காயர் கருவாட்டு வியாபாரி. தராசுத் தட்டில் ஈ உட்கார்ந்தால் ஓட்டமாட்டார், அதுவும் எடைதானே. காசிமுக்குப் பையனைப் பிடித்துப்போயிற்று. அதோடு நிற்காமல், தனக்கு முடியவில்லை என்றும், மருமகன் வந்து மண்டியில் தன் இடத்தில் உட்காரட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அன்று மரைக்காயருக்குச் சோறு இறங்கவில்லை. பழவேற்காட்டு ஈ தன் மண்டித் தராசில் வந்து உட்காரப்போகிறது. இன்று பாதி இடத்தில் உட்காருவான், நாளை முழங்கையை நீட்டுவான். கயிற்றைப் பார்க்கிறேன் என்பான், விலையைக் கேட்கிறேன் என்பான். முப்பது வருஷமாகத் தான் மட்டும் பேசிக் காசிம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த மண்டியில் இரண்டாவதாக ஒரு வாய் வரப்போகிறது. மண்டி இரண்டாகிவிடும். இரண்டானால் ராயபுரத்தில் இரண்டு சின்ன மண்டிகள் இருக்கும், ஷாகுல் ஹமீது மரைக்காயர் மண்டி இருக்காது.

யோசித்தார். ராத்திரிச் சோற்றில் விட்டதை மறுநாள் காலை ஆப்பத்தில் பிடித்துக்கொண்டு யோசித்தார். நாலாவது ஆப்பத்தில் விஷயம் பிடிபட்டது. மருமகன்தானே உட்கார வேண்டும்? மருமகன் ஏன் பழவேற்காட்டிலிருந்து வரவேண்டும்? மீரான் இருக்கிறானே. தம்பி மகள், அண்ணன் மகன். மார்க்கத்தில் தாராளமாக அனுமதி உண்டு. பெரியமேட்டுத் தோல் வியாபாரிகள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு நடக்கிறது. தோல் கெட்டுப்போகவில்லை, வியாபாரமும் கெட்டுப்போகவில்லை.

காசிமிடம் சொன்னார். காசிம் கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் விட்டார். பிறகு, "நம்ம பக்கத்துல இப்பிடிச் செஞ்சுக்கறது இல்லியே காக்கா" என்றார். அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். மார்க்கம் பெரிதா பக்கம் பெரிதா என்று மரைக்காயர் கேட்டார். காசிம் மார்க்கம்தான் பெரிது என்று ஒப்புக்கொண்டார். வேறு என்ன சொல்ல முடியும்?

அன்று மத்தியானம் மண்டிக்கு எண்ணூர்க் கட்டுமரக்காரன் மாரியப்பன் வந்திருந்தான். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அம்புரோசும் சாப்பாட்டு வேளைக்கு வழக்கம்போல வந்து கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்திருந்தார். மரைக்காயர் செய்தியைச் சொன்னதும் மாரியப்பன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றான்.

"இன்னா பாய் சொல்றே? அண்ணன் புள்ளைக்குத் தம்பி பொண்ணா? அது தங்கச்சிய்யா."

"நீ உங்க அக்கா பொண்ணைக் கட்டிக்கினு நாலு புள்ளை பெத்து வச்சிருக்கியே, அது இன்னா?"

"அது உரிமை."

"எங்க மார்க்கத்துல அதைக் கேட்டாலே காதைப் பொத்திக்குவோம். கூடப்பொறந்தவ வயித்துப் புள்ளைடா. தூக்கி வளர்த்த புள்ளை."

"தூக்கி வளர்த்தேன், அதான் கட்டிக்கினேன். வெளியாளுக்கா குடுப்பாங்க?" மாரியப்பன் அம்புரோசைப் பார்த்து நியாயம் கேட்டான்.

அம்புரோஸ் இரண்டு பேரையும் சமமாக வெறுத்து ஒரு பார்வை பார்த்தார். தன் மனைவி டோரதி தன் தாய்மாமன் மகள் என்றும், அதற்கே சாமியார் காலைப் பிடித்து, சாமியார் பிஷப் மேற்றிராணியாருக்கு எழுதி, மேற்றிராணியார் விலக்கு கொடுத்துக் கடிதாசு வர ஏழு மாதம் ஆயிற்று என்றும் சொன்னார். அந்தக் கடிதாசைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். அது இல்லாவிட்டால் தாமும் இவர்களைப்போல மிருகமாகத்தான் இருந்திருப்பார் என்பது அவர் பேச்சின் சாரம்.

மூன்று பேரும் சற்று நேரம் ஒருவரையொருவர் அருவருப்போடு பார்த்துக்கொண்டார்கள். மூவருமே சொந்தத்துக்குள் சொத்தை வைத்துக்கொள்ள நினைத்தவர்கள்தான். எந்தக் கதவு வழியாக என்பதில்தான் தகராறு. பிறகு மாரியப்பன் முப்பது பாகம் கயிறு கேட்டான். மரைக்காயர் அளந்து போட்டார். அவன் அளந்து பார்க்காமல் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் மனைவி மைமூனிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது எப்படி? அதுங்க ரெண்டும் என் பால் குடிச்ச புள்ளைங்களாச்சே."

மரைக்காயர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவளுக்கு வெங்காயத்தில் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் தான் ஊருக்குச் சொன்ன பொய்யை இவள் இன்னும் பத்திரமாக வைத்துக்கொண்டு தனக்கே திருப்பிச் சொல்கிறாளே. இப்படி ஒரு மனைவி எத்தனை வியாபாரிக்கு வாய்க்கும் என்று பெருமைப்பட்டுக்கொண்டே மண்டிக்குத் திரும்பினார்.

அந்தப் பொய்யின் கதை இதுதான். நாற்பத்தாறில் ஜொகரா பெரியவளானாள். மீரானுக்கு மீசை அரும்பியிருந்தது. கொழுந்தனும் அண்ணியும் ஒரே முற்றத்தில் நடமாடுவதைப் பற்றி ஜமாத்தில் யாரும் அதுவரை கண் திறந்து பார்த்ததில்லை. வயதுப் பிள்ளைகள் என்றதும் எல்லோருக்கும் ஒரே நாளில் பார்வை வந்துவிட்டது. பெண்கள் அந்நிய ஆண் கண்ணில் படாத கோஷா முறைப்படி முற்றத்துக்குக் குறுக்கே சுவர் வைக்க வேண்டும், பெண்களுக்குத் தனி வாசலும் மாடிக்குத் தனிப் படியும் வேண்டும் என்றார்கள். யுத்தம் முடிந்த சமயம். சிமெண்டுக்குக் கண்ட்ரோல், பர்மிட் வாங்க நாயாய் அலைய வேண்டும், செங்கல் தங்க விலை. மரைக்காயர் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னார். ஜொகரா பிறந்தபோது அவள் தாய் சாகிரா ஜன்னி கண்டு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள் அல்லவா, அப்போது குழந்தைக்குத் தன் மனைவி மைமூன்தான் பெற்ற பிள்ளைபோல வயிறு முட்டப் பால் கொடுத்தாள். ஆகவே மீரானும் ஜொகராவும் பால்குடி உறவில் அண்ணன் தங்கை. இடையில் சுவர் எதற்கு?

ஒரு பெண்ணிடம் பால் குடித்த குழந்தை அவளுக்குப் பிள்ளை, அவள் பிள்ளைகளுக்குக் கூடப்பிறப்பு. கல்யாணம் கூடாது, கோஷாவும் வேண்டாம். ஜமாத் உருகிவிட்டது. தொழுவிக்கும் ஹஜ்ரத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவர் மிச்சம்.

அது பொய் என்பதற்கு மரைக்காயரிடம் கையில் பிடித்த ஆதாரம் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் காசிமேட்டு ஆட்டுக்காரிக்குக் காலையில் ஒரு படி ஆட்டுப்பாலுக்குக் காசு கொடுத்தவர் அவரேதான். கொடுத்த காசை மரைக்காயர் மறப்பதில்லை. குழந்தை ஆட்டுப்பாலில் வளர்ந்தது. மனிதப் பால் என்று சொன்னது விலைப் பொய். அளவில் யாரையும் ஏமாற்றவில்லை.

இப்போது அந்தச் சுவர்தான் குறுக்கே நின்றது. கட்டாத சுவர்.

ஹஜ்ரத் கீழக்கரைக்காரர். மூக்குப்பொடி போடாமல் எந்த மசலாவுக்கும், எந்த மார்க்கச் சந்தேகத்துக்கும், பதில் சொல்லமாட்டார். மரைக்காயர் வெல்லமும் நெய்யுமாகப் போய் உட்கார்ந்து விஷயத்தை அவிழ்த்ததும் ஹஜ்ரத் டப்பியைத் திறக்கக் கூட மறந்துபோனார்.

"பால் குடுத்தாங்கன்னு நீங்கதானே மரைக்காயரே சொன்னீங்க?"

"குடுத்தான்னு சொன்னேன். எத்தனை தடவைன்னு சொன்னேனா?"

ஹஜ்ரத் யோசித்தார். தாங்கள் பின்பற்றும் மத்ஹபின் சட்டப்படி ஐந்து தடவை வயிறு நிறையக் குடித்தால்தான் அந்த உறவு உண்டாகும், அதற்குக் குறைந்தால் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார்.

"அப்ப நாலுன்னு வச்சுக்குங்க."

"வச்சுக்கறதா?"

"சரி, மூணு."

"மரைக்காயரே, நான் பேரம் பேசலை."

"நானும் பேசலை. ரெண்டுக்குக் கீழ நான் வரமாட்டேன், நெய்யை உள்ள குடுத்துடுங்க."

ஹஜ்ரத் இப்போது டப்பியைத் திறந்தார். பெற்ற பிள்ளைபோல வயிறு முட்ட என்று அன்று சொன்னது தன் காதில் இன்னும் இருக்கிறது என்றார். பதினோரு நாள் வயிறு முட்டக் குடித்தால் எத்தனை தடவை என்று பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். ஆகவே கூட்டிக் குறைக்கிற வேலை ஆகாது. அன்று சொன்னதே பொய் என்றால், சொன்ன இடத்திலேயே எழுந்து நின்று பொய் என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அந்த அம்மாவைத் திரைக்கு அந்தப் பக்கம் வைத்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

"அன்னிக்கே அவங்களைக் கேட்டிருக்கணும்," என்று ஹஜ்ரத் வருத்தப்பட்டார். "நீங்களே சொல்றீங்களேன்னு விட்டுட்டேன்."

மரைக்காயருக்கு இரண்டாவது நிபந்தனை ஒரு பொருட்டே இல்லை. உண்மையைச் சொல்ல மைமூனுக்கு என்ன கஷ்டம்? முதல் நிபந்தனைதான் முள்ளாகக் குத்தியது. அல்லாஹ்வின் வீட்டில் நின்று, நான் பொய் சொன்னேன் என்று, கயிறு வாங்குகிற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். மூன்று நாள் தராசைப் பிடித்து நிறுத்திப் பார்த்தார். ஒரு தட்டில் பெயர், ஒரு தட்டில் மண்டி. பெயர் போனாலும் மண்டி இருந்தால் மறுபடி சம்பாதிக்கலாம். மண்டி போனால் பெயரை வைத்துக்கொண்டு கயிறு திரிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்றார். ஒரு சுவர்ச் செலவை மிச்சம் பிடிக்கவே அன்று அப்படிச் சொன்னதாகவும், அது பொய் என்றும், அல்லாஹ் மன்னிக்கட்டும் என்றும் சொன்னார். அல்லாஹ் மன்னிப்பதில் வேகமானவன். ஜமாத் அவ்வளவு வேகமில்லை. பின் வரிசையிலிருந்து யாரோ மெதுவாக, இவர் போன மாதம் கொடுத்த கயிறு நாற்பது பாகம் இருக்குமா என்று கேட்டது முன் வரிசை வரைக்கும் கேட்டது. காசிம் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைத் தேடுவதுபோல அதிக நேரம் குனிந்திருந்தார்.

பொய் போனதும் உறவு போயிற்று. உறவு போனதும் கோஷா வந்துவிட்டது. அன்று மாலையே ஹஜ்ரத்தின் உத்தரவுப்படி முற்றத்துக்குக் குறுக்கே மறைப்புக் கட்ட வேண்டியிருந்தது. மண்டியிலிருந்து படகுக்குக் கட்டும் புதுப் பாய்த்துணி, முதல் தரம், இருபது முழம், மரைக்காயர் கையாலேயே எடுத்துவந்து கட்டினார். துணிக்கு அந்தப் பக்கம் ஜொகராவும் இந்தப் பக்கம் மீரானும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பிள்ளைகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மீரான் சொல்லியிருப்பான். சின்ன வயதில் தன் லுங்கியில் மூக்குச் சிந்தியவளை எந்த முகத்தோடு பெண் பார்க்கப் போவது என்று அவன் அம்புரோசிடம் கேட்டிருந்தான். வாப்பாவிடம் கேட்கத் தைரியமில்லை. ஜொகரா இரண்டு வேளை அழுதாள். மூன்றாம் வேளை, மீன்தலைக்கு வழக்கமாக அண்ணனோடு போடும் சண்டையை நினைத்துக்கொண்டவள்போல, தன் பங்குத் தலையைப் பாய்த்துணிக்கு மேலாக இந்தப் பக்கம் வீசினாள். "இந்தா காக்கா, துன்னு. மாப்பிள்ளைக்குத் தலைதானே குடுக்கணும்" என்றாள். அது மரைக்காயர் தட்டில் விழுந்தது. சாப்பிட்டுவிட்டார். வீணாக்குவானேன்?

சனிக்கிழமை மாரியப்பன் மண்டிக்கு வந்தான். இருபத்தைந்து பாகம் கேட்டான். மரைக்காயர் அளந்து போட்டார். மாரியப்பன் குனிந்து நுனியை எடுத்து, இரண்டு கையையும் விரித்து, ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தான்.

"இன்னாடா மாரியப்பா, புதுசா?"

"ஒண்ணுமில்ல பாய். நீ சாமி முன்னாடியே அளவைக் கூட்டிக் குறைச்சிருக்கேன்னு காசிமேடு பூரா பேசிக்கினு கீறாங்க. நானு உன்னை நம்பறேன். என் கைதான் நம்ப மாட்டேங்குது."

இருபத்தைந்தும் சரியாக இருந்தது. அவன் அதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்து வந்தவனும் எண்ணினான். மாலைக்குள் மண்டி வாசலில் கை விரித்து நிற்கிறவர்களைப் பார்த்தால் ஏதோ ஜெபக்கூட்டம் நடப்பதுபோல் இருந்தது. அளவில் பொய் சொன்னதே இல்லை என்று ஒவ்வொருவனிடமும் சொல்ல மரைக்காயருக்கு நாக்கு துடித்தது. பொய்யன் என்று தானே பள்ளிவாசலில் ஒப்புக்கொண்ட வாயால் அதை எப்படிச் சொல்வது?

போகட்டும், நாளை ஒரு நாள், காரியம் முடிந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மைமூனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நாளைக்கு ஹஜ்ரத் வந்து கேப்பாரு. உள்ளதை உள்ளபடி சொல்லிடு. எனக்காகப் பொய் சொல்ல வேணாம்."

"உள்ளதையா?"

"உள்ளதைத்தான். நீ ஏன் பயப்படறே?"

"அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"நான் எதுக்கு வருத்தப்படறேன்? இத்தனை வருஷம் என் சொல்லைக் காப்பாத்தினே. போதும், நாளையோட இறக்கி வச்சிடு."

மைமூன் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு எழுந்து போய்விட்டாள். அவளுக்கும் பாரம் இறங்கியதில் பேச்சு வரவில்லை என்று மரைக்காயர் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் முடிந்து ஹஜ்ரத் வந்தார். ஜமாத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள், சாட்சிக்கு என்று பெயர், சமோசாவுக்கு என்பது உண்மை. காசிம் ஒரு மூலையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மீரான் வாசற்படியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். பாய்த்துணிக்கு அந்தப் பக்கம் மைமூனும் சாகிராவும் ஜொகராவும் உட்கார்ந்தார்கள். துணியில் இன்னும் மண்டி வாசனை வீசியது.

ஹஜ்ரத் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, மீரான் உம்மா, இந்தப் பெண்ணுக்கு நீங்கள் பால் கொடுத்தது உண்டா என்று கேட்டார்.

"உண்டு" என்றாள் மைமூன்.

மரைக்காயர் தொண்டையைக் கனைத்தார். பயப்படாதே, பழையதை மறந்துவிட்டு உள்ளதைச் சொல் என்று துணியைப் பார்த்து அன்பாகச் சொன்னார்.

"உள்ளதைத்தாங்க சொல்றேன். பதினோரு நாளு குடுத்தேன். பகல்ல நாலு அஞ்சு தடவை இருக்கும், ராத்திரியில ரெண்டு. மீரானுக்கு அப்ப ஒண்ணரை வயசு, பல்லு வந்துட்டுது. அவனுக்குக் கஞ்சியை ஊட்டிட்டு இதை எடுத்துப் போட்டுக்குவேன். சாகிரா ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்பறம் ரெண்டு நாளு இது அவகிட்டப் போகமாட்டேன்னு அழுதுது."

"நெசந்தான்" என்றாள் சாகிரா துணிக்குப் பின்னால். "எங்கிட்ட வரலை. நான் அதுக்கு அழுதேன்."

மரைக்காயர் எழுந்து நின்றுவிட்டார். ஏதோ சரக்கு மாறி வந்துவிட்டதுபோல இருந்தது அவருக்கு.

"ஆட்டுப்பாலு? பதினோரு நாளும் ஆட்டுப்பாலு வாங்கினோமே. நானே காசு குடுத்தேன்."

"வாங்கினீங்க."

"அது எங்க போச்சு?"

"குழந்தை ஒரு வாய்க்கு மேல குடிக்கலை. வாந்தி எடுத்துது. காசு குடுத்த பாலை இன்னா செய்யறது? உங்களுக்கு டீ போட்டேன்."

மூலையில் காசிமுக்கு இருமல் வந்தது. அது இருமல்தானா என்று சொல்வதற்கில்லை.

"பதினோரு நாளும் டீ நல்லா கீதுன்னு சொன்னீங்க. ஒரு நாளு ரெண்டாவது கிளாஸ் கேட்டீங்க" என்றாள் மைமூன்.

"எங்கிட்டச் சொல்லலியே."

"கேக்கலியே. பள்ளிவாசல்ல எழுந்து சொன்னீங்கன்னு கேள்விப்பட்டப்ப, யார் சொல்லியோ தெரிஞ்சுக்கினீங்கன்னு நெனைச்சேன். போன வாரம் என் வாயாலயே சொன்னேன். சிரிச்சீங்க."

பெரியவர்களில் ஒருவர் சமோசாவைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ஹஜ்ரத் இரண்டு விரலால் பொடியை எடுத்து, போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, விஷயத்தை வரிசைப்படுத்தினார். நாற்பத்தாறில் மரைக்காயர் சொன்னது உண்மை. உண்மையென்று தெரியாமல், பொய்யென்று நினைத்து அவர் சொன்ன உண்மை. போன வெள்ளிக்கிழமை அது பொய் என்றாரே, அதுதான் பொய். கல்யாணம் கூடாது. சுவர் வேண்டாம், துணியையும் அவிழ்த்துவிடலாம். போன வெள்ளிக்கிழமை சொன்னதை வருகிற வெள்ளிக்கிழமை மரைக்காயர் எழுந்து பொய் என்று சொல்ல வேண்டுமா என்று பெரியவர் கேட்டார். வேண்டாம், ஜமாத் தாங்காது என்றார் ஹஜ்ரத்.

மீரான்தான் முதலில் எழுந்து முடிச்சை அவிழ்த்தான். துணி விழுந்ததும் ஜொகரா அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஓட்டமாக வந்து அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். எதற்கு என்று அவனும் கேட்கவில்லை.

எல்லோரும் போனபிறகு காசிம், அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மரைக்காயருக்கு அந்த மூச்சுச் சத்தமே பழக்கமான ஆறுதலாக இருந்தது. சுவரும் இல்லை, துணியும் இல்லை, தம்பி இருக்கிறான், பேசிப் பார்க்கலாம், பழவேற்காட்டானை வீட்டு மருமகனாக மட்டும் வைத்துக்கொள்ள ஒரு வழி இல்லாமலா போகும் என்று அவர் மனம் அதற்குள் அடுத்த விலையைச் சொல்ல ஆரம்பித்திருந்தது.

"காக்கா," என்றார் காசிம், "நான் உங்களைக் கொறை சொல்லலை."

"சொல்லு."

"நீங்க சொன்னது உண்மையாப் போச்சு, அது வேற. ஆனா சொல்லும்போது பொய்யின்னு நெனைச்சுக்கினுதானே சொன்னீங்க? என் பொண்ணு விஷயத்துல. அல்லாஹ் வூட்ல. ஒரு சுவருக்காக." மூச்சு வாங்கிக்கொண்டார். "முப்பது வருஷமா மண்டியில நீங்க சொன்னதைத்தான் நான் கேட்டுக்கினு இருந்தேன். இப்ப எதையெல்லாம் கேட்டேன்னு யோசிக்கறேன், தூக்கம் வரலை. மண்டிக்கு நடுவுல சுவரு எழுப்பிடலாம். ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் மாப்பிள்ளை."

காசிம் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான். பேசாதவர்கள் பேசினால் பேரத்துக்கு இடமிருப்பதில்லை என்பது மரைக்காயருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். இருந்தாலும் பழக்கம் விடவில்லை. சுவர் முழுக்கல் கனத்தில் எதற்கு, அரைக்கல் வைத்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தார். முழுக்கல் என்றார் காசிம்.

ஜொகராவின் நிக்காஹ் அடுத்த மாதம் பழவேற்காட்டு மாப்பிள்ளையோடு நடந்தது. மரைக்காயர்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். பால் கொடுத்தவளின் புருஷன், அவரும் ஒரு வாப்பாதானே. ஜொகரா புது வீட்டுக்குக் கிளம்பும்போது மைமூன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், அவர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போது மரைக்காயருக்கும் கண் கலங்கியது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

சுவர் நாலு நாளில் எழும்பியது. முழுக்கல், இரு பக்கமும் பூச்சு, செலவில் ஆளுக்குப் பாதி. நாற்பத்தாறில் அதே செங்கல் இதில் பாதி விலைக்குக் கிடைத்திருக்கும் என்று கொத்தனார் சொன்னார். அவரை யாரும் கேட்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சுல்தான் மரைக்காயர் மகன் உட்கார்ந்தான். மாரியப்பன் வந்தான். இரண்டு வாசலையும் பார்த்துக்கொண்டு சற்று நின்றான். பிறகு அந்தப் பக்கம் நுழைந்தான். பழவேற்காட்டுப் பையன் வாடிக்கைக்காரன் கையாலேயே கயிற்றை அளக்க விடுகிறானாம். ஈ எடை இன்னும் கயிற்றில் கண்டுபிடிக்கப்படவில்லை போலும்.

அன்று மாலை மரைக்காயர் சீக்கிரமே வீட்டுக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். ஜொகரா இல்லாமல் வீடு காலியாகத் தெரிந்தது. மைமூன் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் கிளாசை எடுத்து உதட்டருகே கொண்டுபோனார். பிறகு நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இது எந்தப் பாலு?" என்று கேட்டார்.

மைமூன் அடுப்படி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"பரவாயில்லியே," என்றாள். "கேக்க ஆரம்பிச்சுட்டீங்களே."

எந்தப் பால் என்று சொல்லாமலே உள்ளே போய்விட்டாள். மரைக்காயர் டீயைக் குடித்தார். நன்றாகத்தான் இருந்தது.